ஆட்டிசப் பிள்ளை எந்த மாநிலத்தின் பொறுப்பு?

மகாராஷ்டிர மந்திரிசபை 2025 செப்டம்பரில் ஒரு முடிவு எடுத்தது. சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்திலும் ஷ்ராவண் பாள் திட்டத்திலும் மாற்றுத்திறனாளிகள் பெற்று வந்த மாத உதவித் தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இன்றைய விலைவாசியில் இது பெரிய தொகை அல்ல. எனினும் ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் கூட்டியதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கிர்க்கியிலோ தேஹு ரோட்டிலோ போசரியிலோ வசிக்கும் ஒரு தமிழர், ஆட்டிசம் உள்ள தம் பிள்ளைக்கும் இது கிடைக்கும் என்று நம்பித் தாசில்தார் ஆபீசுக்குப் புறப்பட்டால், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

காரணம் அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 50,000 ரூபாய். மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 4,167 ரூபாய். போசரியில் லேத் பட்டறையில் உதவியாளாக நிற்பவருக்கே இதைப்போல் பல மடங்கு சம்பளம் வருகிறது. குமாஸ்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நிபந்தனை, மகாராஷ்டிரத்தில் குறைந்தது 15 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்பது. எட்டு வயதுப் பிள்ளைக்கு 15 ஆண்டு வாசம் எங்கிருந்து வரும்? தகப்பனாரின் வாசத்தைக் கணக்கில் எடுப்பதாகவே வைத்துக் கொள்வோம். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு மேல் போகாத இந்த நகரத்தில், வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தவர் 15 ஆண்டுக்கு அத்தாட்சி காட்டுவது எளிதா?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இதே மகாராஷ்டிர அரசு நம் சம்பளத்திலிருந்து தொழில் வரி பிடிக்கிறது. சம்பளச் சீட்டில் மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. ஆண்டுக்கு 2,500 ரூபாய். அந்த வரியைப் பிடிக்கும்போது “நீ இங்கே வந்து எத்தனை வருஷம் ஆயிற்று?” என்று யாரும் கேட்பதில்லை. ரயிலை விட்டு இறங்கி வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பிடித்தம் தொடங்கிவிடுகிறது. வாங்குவதற்கு இல்லாத வாசக் கணக்கு, கொடுப்பதற்கு மட்டும் ஏன் வர வேண்டும்?

தாய் மாநிலம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித் தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. உலக வங்கிக் கடன் உதவியோடு ‘உரிமைகள்’ என்ற திட்டம் நடக்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுத்து, ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்களும் திறக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் கணக்கெடுக்க ஆள் வரும்போது நம்மவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளை புனேயில் இருக்கிறது. ரேஷன் கார்டு திருநெல்வேலியில் இருக்கிறது. ஆதார் அட்டையில் எந்த முகவரி இருக்கிறதோ அதைப் பொறுத்து ஏதாவது ஓர் ஆபீஸ் “இங்கே இல்லை, அங்கே போ” என்கிறது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்ற கதைதான்.

விரல் சுட்டாத பிள்ளை

ஆட்டிசம் என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நம் குடும்பங்களில் பல, பிள்ளைக்கு நாலைந்து வயது ஆகும் வரை இதை அறியாமலே இருந்துவிடுகின்றன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைக்கிறோம். ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் அதற்குக் கேட்கிறது. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. இது தொற்று நோயும் அல்ல. பேய் பிசாசும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு. உலகத்தில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஒருவருக்கு லேசாக இருக்கும். இன்னொருவருக்கு வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-இல் பதினோரு குழந்தைகளைப் பார்த்து இதை முதலில் விவரித்து எழுதினார். அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டு, தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்று பெரிய பெரிய நிபுணர்களே சொல்லி வந்தார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர், அவரே இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தகப்பனார், அது தவறு என்று வாதாடிப் புத்தகம் எழுதிய பிறகுதான் அந்தப் பழி விலகத் தொடங்கியது. அங்கே விலகியது, நம் சால்களில் இன்னும் விலகவில்லை. “இவள் வேலைக்குப் போனாள், பிள்ளையைச் செல்போனிடம் விட்டாள்” என்று பக்கத்து வீட்டிலிருந்து மாமியார் வரை சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசின் தாள்களில் இவர்களுக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று ஒரு பெயர் புழங்கி வருகிறது. குக்கர் சத்தத்தையும், டியூப் லைட்டின் துடிப்பையும், சட்டைக் காலர் உரசுவதையும் நம்மைவிடப் பத்து மடங்கு உணர்கிற பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்பதா? இந்தப் பெயரை வைத்தவர் அப்படி ஒரு பிள்ளையோடு ஒரு பகல் இருந்திருந்தால் வேறு பெயர் தேடியிருப்பார். மராத்தியில் ‘ஸ்வமக்னதா’ என்கிறார்கள். இங்குள்ள ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்தான் காதில் விழும். நம்மவர் தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது.

சட்டத்துக்குள் வந்த கதை

1995-இல் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டம் கொண்டுவந்தபோது அதில் ஏழு வகை ஊனங்கள் சொல்லப்பட்டன. ஆட்டிசம் அதில் இல்லை. 1991-இல் டில்லியில் மெரி பரூவா என்ற தாய் தொடங்கிய ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’ போன்ற பெற்றோர் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதில் ஆட்டிசம் முதல் பெயராகவே இடம் பெற்றது. ஆனால் வேலை ஒதுக்கீடும் கல்வி உரிமையும் பெற இன்னும் பதினேழு ஆண்டு ஆயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. அது 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, தனிப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினருக்குச் சேர்த்து.

இந்தச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் வழங்கிய ஊனச் சான்று நாடு முழுவதும் செல்லும் என்கிறது. அந்த வகையில் யு.டி.ஐ.டி. அட்டை மாநில எல்லையைக் கடந்துவிடுகிறது. ஆனால் 24-ஆவது பிரிவு, உதவித் திட்டங்களை வகுப்பதை ‘தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ அந்தந்த அரசின் கையில் விட்டுவிட்டது. அட்டை எல்லை கடக்கிறது. அதைக் காட்டிப் பெற வேண்டிய பணம் கடப்பதில்லை. மத்திய அரசே தருகிற ஊனமுற்றோர் ஓய்வூதியப் பங்கோ, 2012-இல் 300 ரூபாய் என்று வைத்த இடத்திலேயே நெடுங்காலமாக நின்றுவிட்டது. அதுவும் 80 சதவீதப் பாதிப்பும் வறுமைக் கோட்டுச் சான்றும் உள்ள, 18 வயதைக் கடந்தவர்களுக்குத்தான். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

அரிசிக்கு இப்படி இருந்தபோது என்ன செய்தார்கள்? 2019-இல் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ என்று தொடங்கி, 2022-க்குள் எல்லா மாநிலங்களையும் சேர்த்தார்கள். திருநெல்வேலிக் கார்டுக்குப் பிம்ப்ரிக் கடையில் கோதுமை கிடைக்கிறது. மாநிலங்களுக்கிடையே கணக்கு வழக்கை மத்திய அரசு தீர்த்துக் கொள்கிறது. கோதுமைக்கு முடிந்த இந்த ஏற்பாடு ஒரு பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கு முடியாது என்பதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இது தமிழருக்கு மட்டும் உள்ள குறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்திலும் கோயமுத்தூரிலும் தங்கம் உருக்கும் தொழிலில் சாங்லி மாவட்டத்து மராத்தியர் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்கு அங்கே இதே கதி. ஆகவே இரு மாநிலமும் தங்களுக்குள் பேசி முடிவு கட்டக்கூடிய விஷயம் இது. வெளிமாநிலத் தமிழரையும் தன் வட்டத்தில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லும் அயலகத் தமிழர் நல வாரியம், மகாராஷ்டிர அரசோடு முதலில் எடுத்துப் பேச வேண்டிய விஷயங்களில் இதை வைக்கலாம்.

எந்த மொழியில் கேட்பது?

சான்று வாங்குவதற்கே முதல் இடைஞ்சல் மொழி. ஆட்டிசத்தின் அளவைக் கணிக்க 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் 70-க்குக் கீழ் மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். கேள்விகளில் பேச்சைப் பற்றியவை பல. பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்கிறதா, அர்த்தமில்லாத ஒலி எழுப்புகிறதா, பேச்சைத் தொடர்கிறதா? வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த நாலு வயதுப் பிள்ளையை மராத்தியில் கூப்பிட்டு, அது திரும்பவில்லை என்று குறித்தால், அது ஆட்டிசமா, மொழி புரியாமையா? தாய்க்கும் மராத்தி அரைகுறை, இந்தி கால்வாசி. “ராத்திரியில் தூங்க மாட்டான், தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான்” என்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் “நீந்த் நஹீ” என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறாள். மதிப்பெண் கூடவோ குறையவோ போய்விடுகிறது. தமிழர் அடர்ந்து வாழும் இந்த நகரத்தில், மருத்துவக் குழு கூடும் நாளன்று தமிழ் தெரிந்த ஒரு நர்ஸையோ சமூகப் பணியாளரையோ உட்கார வைக்கப் பணம்கூட அதிகம் வேண்டாம். ஓர் உத்தரவு போதும்.

சிலர் இன்னொரு யோசனை சொல்லி அனுப்புகிறார்கள்: “வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை குழம்பிவிடும்.” இது தவறான யோசனை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே இதுவரை வந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மேலும், தாய் தனக்குச் சரியாக வராத பாஷையில் பிள்ளையோடு எத்தனை வார்த்தை பேசுவாள்? “வா”, “உட்கார்”, “சாப்பிடு” என்ற மூன்றோடு நின்றுவிடுவாள். பேச்சு அதிகம் வேண்டிய பிள்ளைக்கு வீட்டில் இருந்த பேச்சும் போய்விடும்.

பள்ளியின் நிலை வேறு. மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அது இந்த மாநிலத்தின் உரிமை. அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் தமிழ், மராத்தி, இந்தி, இங்கிலீஷ் என்ற நான்குக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்குக் கைகொடுக்கச் சிறப்பு ஆசிரியர் வேண்டும். தொடக்கப் பள்ளியில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சுப்ரீம் கோர்ட் 2021-இல் சொன்னது. 2025 மார்ச்சில் மீண்டும், பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டி வந்தது. நாலு ஆண்டில் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதற்கு அந்த இரண்டாவது உத்தரவே சாட்சி.

கையில் இருப்பதை விடலாகாது

மாநிலங்கள் பேசி முடிக்கும் வரை காத்திருக்க முடியாது. ஆட்டிசத்தில் முதல் ஐந்தாறு வயதுப் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். 15 ஆண்டு கழித்து வரும் உதவி, பயிர் காய்ந்த பின் மதகைத் திறப்பது போல. வாசக் கணக்கு கேட்காத சில சலுகைகளும் இருக்கின்றன. நம்மவரில் பலர் இவற்றை அறியாமலே இழக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பிம்ப்ரி, சாகன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவரின் பிள்ளை, உடல் அல்லது மனக் குறைபாட்டால் முழுக்க அவரையே நம்பியிருந்தால், வயது வரம்பு தாண்டிய பிறகும் ஈ.எஸ்.ஐ. சிகிச்சைக்கு உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை. முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, பேச்சுப் பயிற்சி போன்றவையும் அதில் அடங்கும், கட்டணமும் சொற்பம். வருமான வரி கட்டும் குமாஸ்தாவுக்கு 80-டி.டி. பிரிவின் கீழ் 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமானால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தவருக்கு மட்டுமே. புதிய முறைக்கு மாறுங்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள் என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

ராணுவக் கணக்கு அலுவலகம், ரயில்வே முதலிய மத்திய அரசு ஆபீஸ்களில் உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஊனமுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று 2014-இல் மத்திய பணியாளர் துறை உத்தரவு போட்டது. ஆட்டிசமும் அதில் சேர்ந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய அறை, பழகிய டீச்சர், பழகிய பஸ் மாறினாலே பல மாதப் பயிற்சி வீணாகிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த உத்தரவின் அருமை தெரியும். சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஓய்வு பெறும் முன்பே பிள்ளையின் பெயரையும் சான்றையும் பதிவு செய்துவிடுவது நல்லது. பெற்றோர் காலமான பின் அந்தப் பிள்ளைக்காக யார் ஆபீஸ் படி ஏறுவார்கள்?

18 வயது முடிந்ததும் சட்டப்படி தாய் தகப்பனாரும் காப்பாளர் அல்ல என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. பாங்கில் கணக்கு தொடங்கப் போகும்போதுதான் இது தெரியவருகிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டந்தோறும் உள்ள தேசிய அறக்கட்டளைக் குழுவிடம் மனுச் செய்து காப்பாளர் சான்று பெற வேண்டும்.

பணம் பறிக்கும் இடங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது, செய்தால் அது தொழில் நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஊரில் உள்ள கால் காணி நிலத்தை இதற்காக விற்க வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு யார் சம்பளம் தருவது? பராமரிப்பவருக்கு உதவித் தொகை என்பது 2016 சட்டத்தின் 24-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். தொகை அற்பம், ஆனால் பராமரிப்பதும் ஒரு வேலை என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2022 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனித் துறை அமைத்து, நாட்டில் இது முதல் முயற்சி என்று பெருமையும் பட்டுக்கொண்டது. அந்தத் துறை 15 ஆண்டு நிபந்தனையிலிருந்து 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விலக்கட்டும். 50,000 ரூபாய் வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்தட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குனி உத்திரப் பந்தலுக்கும் பொங்கல் விழாவுக்கும் வீடு வீடாக வசூலுக்குப் போகிறவர்கள், எந்த வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளை கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நன்றாக அறிவார்கள். மருத்துவக் குழு கூடும் நாளில் மராத்தி தெரிந்த ஒருவரை அந்தத் தாயோடு அனுப்பினால் போதும். மாநகராட்சிகள் தங்கள் சொந்த வருவாயில் 5 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது இம்மாநிலத்தின் உத்தரவு. புனே மாநகராட்சியும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியும் அந்த நிதியை எப்படிச் செலவிட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு மனுவும் பத்து ரூபாய்க் கட்டணமும் போதும்.

சான்றுக்கு வசிக்கும் மாவட்டத்தின் அரசு ஆஸ்பத்திரியிலோ, சிகிச்சை பெற்றுவரும் அரசு ஆஸ்பத்திரியிலோ மனுச் செய்யலாம் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறின. ஆதாரில் ஊர் முகவரி இருப்பவர்கள் முதலில் அதை மாற்றிக்கொண்டு, தாசில்தாரிடம் ‘ரஹிவாசி தாக்லா’, ‘உத்பன்னாசா தாக்லா’ இரண்டையும் வாங்கிவைத்துக் கொண்டால் அலைச்சல் பாதி குறையும். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாநிலம் முழுவதற்குமான மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் பம்பாயில் இல்லை, புனேயிலேயே இருக்கிறது. அந்தக் காகிதத்தோடு ஒரு பஸ்ஸில் அங்கே போய்விடலாம்.